கிணற்றடியால் போங்கோ: ஒரு பழைய வீட்டுக்கு வழி எழுதிய கதை

கேட்டது இவ்வளவுதான்: "ஒரு லோகோ, நாலு அம்புக்குறி போட். ரெண்டு கிழமை காணும்தானே தம்பி?"

கேட்டவர் ஓய்வுபெற்ற சமூகக்கல்வி மாஸ்ரர். வண்ணார்பண்ணைப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீட்டைச் சிறிய காட்சியகமாக நடத்தும் குழுவுக்கு அவர்தான் செயலாளர். அந்த இரண்டு கிழமை ஐந்து மாதமாக நீண்டது. அதில் பாதிக்கு நான் பொறுப்பு, கால்வாசிக்குப் புள்ளி பொறுப்பு. புள்ளி என்றால் மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி. அந்தக் கதை பின்னால் வரும்.

வீட்டைப் பற்றி முதலில். மலாயாவில் உத்தியோகம் பார்த்த காசில் எழும்பிய வீடு என்று சொல்வார்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துப் பெரிய வீடுகளில் பலவற்றுக்கு இதே கதைதான். தெருவோரம் சங்கடப்படலை, அதாவது ஓட்டுக்கூரை போட்ட வெளிவாசல். உள்ளே திண்ணை, தலைவாசல், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தை, விறாந்தைக்குப் பின்னால் அறைகள். வீட்டுக்குப் பின்பக்கம் குசினி, கிணறு, நெல் போட்டு வைக்கும் கொம்பறை, பெரிய வளவு. அறைகளுக்குள் ஓலைச்சுவடி, பெட்டகம், திருகை, மலாயாவிலிருந்து வந்த தகரப் பெட்டிகள், குடும்பப் படங்கள்.

பார்க்க வடிவான வீடு. ஆனால் நாலு விறாந்தையும் ஒரே அச்சு. முற்றத்தில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தால் எந்தப் பக்கத்தால் வந்தோம் என்பது மறந்துபோகும். வாழ்ந்த குடும்பத்துக்கு அதில் ஒரு தொல்லையும் இருந்திருக்காது. புதிதாக வருகிறவருக்குத்தான் தலைசுற்றும்.

முதல் இரண்டு நாளும் நான் கணினியைத் திறக்கவில்லை. திண்ணையில் கொப்பியோடு குந்தியிருந்து, வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே திரும்பிப் பார்க்கிறார்கள், யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று குறித்தேன். பெரும்பாலானவர்கள் முற்றத்தைச் சுற்றி ஒன்றரை வட்டம் அடித்துவிட்டு, பின்பக்கம் ஒன்று இருப்பதே தெரியாமல் வெளியே போனார்கள். நயினாதீவுக்குப் போய்த் திரும்பும் வழியில் பஸ்ஸில் வந்திறங்கிய தெற்கத்தி ஆட்கள் நேரே மலசலகூடத்தைத்தான் கேட்டார்கள். ஒரு சின்னப் பெண் அறைவீட்டுக்குள் இரண்டாம் தடவை நுழைந்து, "அம்மா, இதை முதலே பாத்திட்டம்" என்று கத்தியதையும் எழுதி வைத்தேன். கூட்டத்தில் என் வாதங்களைவிட அந்த வரிதான் எடுபட்டது.

இன்னொரு சிக்கல் வீட்டுக்கு வெளியே. இந்த ஊரில் ஓட்டோவில் ஏறி 'மியூசியம்' என்றால் நாவலர் வீதித் தொல்பொருட் காட்சியகத்துக்குத்தான் கொண்டுபோய் விடுவார்கள். தமக்கென்று அடையாளம் வேண்டும் என்று குழு நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குழுவின் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. காட்சிக்கூடம் 1 முதல் காட்சிக்கூடம் 7 வரை இலக்கம் போடுவது, கூடத்துக்குக் கூடம் அம்புக்குறி வைப்பது. உலகமெங்கும் இருக்கிற முறைதான், குறை சொல்வதற்கில்லை. நானும் அதை வைத்தே கடதாசியில் ஒரு மாதிரி செய்துகொண்டு மூன்றாம் நாள் போனேன். போன இடத்தில் வளவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு குடும்பத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"உதாலை நேரை போங்கோ, கிணத்தடி வரும். கிணத்தடியாலை வலக்கைப் பக்கம் திரும்பினா மாவடி. அங்கைதான் மலசலகூடம்."

அவர்கள் போய்விட்டார்கள். திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை. என் கையில் இருந்த கடதாசியில் 'காட்சிக்கூடம் 5, காட்சிக்கூடம் 6' என்று கிடந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

இந்த ஊரில் வழி சொல்கிற முறையே அதுதான். வேம்படி, கொட்டடி, அரசடி, புளியடி, இலுப்பையடி. சந்தியும் ஒழுங்கையும் எத்தனையாவது என்று யாரும் எண்ணுவதில்லை. ஏதோ ஒன்றின் அடியில் போய் நிற்கச் சொல்வார்கள், அங்கே நின்று அடுத்த அடியைக் கேட்க வேண்டும். மரம் பட்டுப்போனாலும் பெயர் கிடக்கும். நகரங்களில் மனிதர்கள் வழி கண்டுபிடிப்பதைப் பற்றி 1960இல் எழுதிய அமெரிக்கர் கெவின் லிஞ்ச், மனதிலிருக்கும் ஊர்ப்படத்தைப் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்று ஐந்தாகப் பிரித்தார். படித்த காலத்தில் அதை மனப்பாடம் செய்து சோதனை எழுதினேன். எங்கள் ஊர் அதில் சந்திப்பையும் சின்னத்தையும் சேர்த்து 'அடி' என்று ஒரே விகுதிக்குள் முடித்துவிட்டது என்பது அந்த அக்கா வாயால் கேட்டபிறகுதான் உறைத்தது.

அடுத்த கூட்டத்தில் இலக்கத் திட்டத்தைக் கைவிடச் சொன்னேன். வீட்டில் வாழ்ந்தவர்கள் சொன்ன பெயர்களையே போட்டில் எழுதுவோம்: படலையடி, திண்ணை, முற்றம், அறைவீடு, குசினி, கிணற்றடி, கொம்பறையடி, மாவடி. வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. "வெளிநாட்டுக்காரன் வந்து கொம்பறை எண்டால் என்னத்தைக் கண்டான்?" என்றார். நியாயமான கேள்வி. காட்சிக்கூடம் 6 என்றாலும் அவன் ஒன்றையும் காணப்போவதில்லை என்றேன். கொம்பறை என்று வாசித்துவிட்டுப் போய், நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய நெற்களஞ்சியத்தைக் கண்ணால் கண்டால் ஒரு சொல்லாவது அவனோடு ஊருக்குப் போகும். கடைசியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரை ஒலிபெயர்த்து, கீழே சின்னதாகப் பொருளும் எழுதுவது என்று முடிவானது.

கிணத்தடியா, கிணற்றடியா என்பதில் முக்கால் மணித்தியாலம் போனது. மாஸ்ரர் எழுத்துத் தமிழை விட்டுக்கொடுக்கவில்லை. சரிதான், வாசிக்கும்போது ஊர்க்காரர் எப்படியும் கிணத்தடி என்றுதான் வாசிப்பார்கள். மாவடிக்கு வேறு பிரச்சினை. மாமரம் இப்போது இல்லை, எப்போதோ ஒரு காற்றுக்கு விழுந்துவிட்டது. இல்லாத மரத்தின் பெயரைப் போட்டில் எழுதலாமா? அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "மரம் இல்லாட்டி என்ன, மாவடி அங்கைதானே கிடக்கு" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார். அதோடு தீர்ந்தது.

இனி லோகோ.

யாழ் வேண்டாம் என்று முதலே சொல்லியிருந்தேன். இந்த ஊரில் ஐஸ்கிரீம் கடை முதல் கணினி வகுப்பு வரை யாழ் மாட்டாத போட் இல்லை. பனைமரமும் அப்படித்தான். நல்லூர்க் கோபுரத்தை ஒரு காட்சியகம் எடுப்பது முறையுமில்லை. ஒருவர் ஆனைக்கோட்டை முத்திரையைச் சொன்னார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியில் எடுத்த அந்தச் சிறிய முத்திரையில் மேலே மூன்று குறியீடு, கீழே பிராமி எழுத்து. வரைய ஆசையாகத்தான் இருக்கும். இன்னொருவர் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் 'சேது' என்று பொறித்த நந்திக் காசைச் சொன்னார். இரண்டுமே பெரிய சின்னங்கள். ஆனால் இந்த வீட்டுக்கும் அவற்றுக்கும் என்ன தொடுப்பு? யாழ்ப்பாணக் கோட்டைக்கு லோகோ கேட்டால் அதன் ஐங்கோணத்தையே வரைந்து கொடுத்துவிடலாம், பார்த்தவுடன் தெரியும். இந்த வீட்டுக்கும் அப்படி ஒன்று இந்த வீட்டிலிருந்தே வரவேண்டும் என்று இழுத்தடித்தேன்.

தலைவாசல் நிலைக்கு மேலே, சுண்ணாம்புச் சாந்தில் புடைப்பாக ஒரு வரி எழுத்து இருக்கிறது. வெள்ளையடித்து வெள்ளையடித்து மழுங்கிப்போன எழுத்து. ஏணி வைத்து ஏறி, மெல்லிய கடதாசியைப் பிடித்து, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன். முதலில் வெறும் சாம்பல் திட்டு. பிறகு ஒரு வளைவு. பிறகு 'லை' வந்தது, பழைய 'லை', முன்னால் துதிக்கை தூக்கிய வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது கைவிட்ட வடிவங்களில் அதுவும் ஒன்று. அச்சில் இங்கேயும் பிறகு போய்விட்டது. கொத்தனார் கை கொஞ்சம் சதுரமான கை. கோணங்களை வளைக்காமல் கரண்டி முனையால் வெட்டி நிறுத்தியிருக்கிறார். காட்சியகப் பெயரை அந்தக் கையைப் பார்த்தே வரைந்தேன். பழைய 'லை'யை மட்டும் எடுக்கவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அதை வாசிக்கத் தெரியாது. பெயர்ப்பலகையில் புதிர் போடக் கூடாது.

குறியை வீட்டின் வரைபடத்திலிருந்து எடுத்தேன். வெளியே ஒரு தடித்த சதுரம், உள்ளே முற்றம் ஒரு வெற்றுச் சதுரம், கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கோடு விட்டுப்போயிருக்கும். அதுதான் படலை. திரையில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வாசலில் நின்று எட்டிப் பார்த்த அக்காதான் கேட்டார்: "உதென்ன தம்பி, தாயக் கட்டமோ?"

எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு முகம் சுருங்கியது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. தாயக் கட்டத்தில் காய் எங்கே நிற்கிறது என்பதுதானே கேள்வி. குறிக்குள் ஒரு புள்ளியை வைத்தேன். படலையடிப் போட்டில் புள்ளி கீழே, கிணற்றடிப் போட்டில் மேலே இடப்பக்கம், குசினியில் மேலே நடுவில். தனியாக வரைபடம் வேண்டாம், 'நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்' என்று மூன்று மொழியில் எழுதவும் வேண்டாம். லோகோவே வழிகாட்டும். ரிக்கற்றிலும் கடிதத்தாளிலும் புள்ளி படலை வாசலில் நிற்கும்.

நிறத்துக்கும் ஒரு கூட்டம் போனது. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்தால் இங்கே வேறு கதை. பச்சைக்கும் நீலத்துக்கும் கட்சிகள் இருக்கின்றன. காவியும் வெள்ளையும் பட்டை போட்டால் கோயில் மதில். ஒல்லாந்தர் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து பெயர்பெற்ற ஏற்றுமதி சாயவேர். படிகாரத்தோடு சேர்த்துத் துணிக்குச் சிவப்பேற்றுகிற வேர். அந்தக் கறுத்த அரக்குச் சிவப்பை எடுத்து, சுண்ணாம்பு வெள்ளையோடு சேர்த்தேன். பிரகாசமான சிவப்பாக இருந்தால் 'உள்ளே வராதே' என்று கத்தும். இது கத்தாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு 70 வீதமாவது வேண்டும் என்று தொழிலில் சொல்வார்கள், அதற்கும் தாராளமாக இடம் கொடுத்தது.

எழுத்துரு தேடுவது இந்த நாட்டில் தனிவேலை. மூன்று எழுத்து முறையும் ஒரே போட்டில் ஒரே தடிப்பில் நிற்கவேண்டும். தமிழ் மெலிந்தும் ஆங்கிலம் பருத்தும் நின்றால் யாருக்கு விருந்து, யாருக்குப் பழஞ்சோறு என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். நான் எடுத்தது யாழ்தேவி. கொழும்பிலுள்ள மூனியாக் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர்கள் வெளியிட்ட கட்டற்ற எழுத்துரு. தமிழ், சிங்களம், லத்தீன் மூன்றும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று 2014இல் திரும்பி வந்த ரயிலின் பெயர் அதற்கு வாய்த்தது குழுவைச் சம்மதிக்க வைக்க எனக்குக் கைகொடுத்தது. வடிவமைப்புக் காரணங்களுக்கு யாரும் தலையாட்டுவதில்லை, ரயில் என்றதும் ஆட்டினார்கள்.

பார்க்கும் தூரத்தை 200ஆல் பிரித்தால் எழுத்தின் உயரம் வரும் என்பது பொதுவான கணக்கு. 10 மீற்றருக்கு 50 மில்லிமீற்றர். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்ன கணக்கு. தமிழில் உயரம் என்று எதை அளப்பது? 'ப' ஓர் உயரம். 'கீ' மேலே கொண்டை போட்டு நிற்கும், 'மூ' கீழே கால் நீட்டும். கடதாசியில் பல அளவில் அச்சடித்து, முற்றத்தின் அந்தப் பக்கத் தூணில் ஒட்டி, மாஸ்ரரைக் கண்ணாடி போட்டும் போடாமலும் வாசிக்கச் சொன்னேன். 50இல் 'கிணற்றடி'யைக் 'கிண... கிணறு' என்று ஊகித்தார். 'ப' 65 மில்லிமீற்றராக வந்தபோதுதான் தடக்காமல் வாசித்தார். மேல்வரிக் காலும் கீழ்வரிக் கொண்டையும் முட்டாமலிருக்க வரி இடைவெளியையும் கூட்டவேண்டி வந்தது. அதனால் போட் பெருத்தது, செலவும் பெருத்தது.

இந்தக் கடதாசிப் பரிசோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம். ஏ3 தாளும் மாஸ்கிங் ரேப்பும் போதும். ஒரு கிழமை அவை தொங்கியதில் எவ்வளவோ தெரியவந்தது. 'நேரே' என்பதற்கு நான் மேல்நோக்கிப் போட்ட அம்புக்குறியைப் பார்த்து ஒரு ஐயா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மேல்மாடி இல்லாத வீட்டில் மேல் அம்பு எதற்கு? எடுத்துவிட்டேன். கிணற்றடிக்குப் போகும் கதவுக்கு நேர் எதிரே பெயரை மட்டும் வைத்தேன். போட் எங்கே இருக்கிறதோ அதுதான் திசை. 18 அம்புக்குறி 5 ஆனது. மலசலகூடத்துக்கு மட்டும் அம்பும் உருவமும் இரண்டும் உண்டு. அவசரத்தில் வருகிறவரை வாசிக்க வைப்பது பாவம்.

திருகைக்கு முன்னால் வழமையான 'தொட வேண்டாம்' தாளை எடுத்துவிட்டு 'சுற்றிப் பாருங்கள்' என்று எழுதித் தொங்கவிட்டதும் அந்தக் கிழமைதான். அதற்கு முன் யாரும் அந்த மூலையில் நின்று நான் பார்த்ததில்லை.

இனிப் போட் செய்யக் கொடுத்த கதை. கடையின் பெயர் வேண்டாம். பெடியன்கள் நல்ல வேலைக்காரர். அவர்களின் கணினியில் இன்னும் பாமினி என்ற பழைய முறை எழுத்துருதான் ஓடுகிறது. நான் கொண்டுபோனது யுனிகோட். அவர்களின் பழைய கோரல் ட்ரோ மென்பொருளில் திறந்தால் 'கொம்பறை'யின் கொம்பு எழுத்தை விட்டுக் கழன்று பின்னால் போய் நின்றது, கூடவே ஒரு புள்ளிவட்டம். பாமினியில் திரும்ப அடித்துத் தாறம் என்றார்கள். வேண்டாம், எழுத்துகளை எல்லாம் கோட்டுருவமாக மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

அப்படி மாற்றினால் ஒரு ஆபத்து: பிழையும் சேர்ந்து உருவமாகிவிடும். தமிழை நான் மூன்று தடவை பார்த்தேன். சிங்களத்தை எனக்கு அனுப்பியவர் சரியாகத்தான் அனுப்பியிருந்தார். ஆனால் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று உதிர்ந்துவிட்டது. சிங்களத்தில் 'ஸ்ரீ' சேர்ந்து நிற்க அந்தக் குறி வேண்டும். அது போனதால் எழுத்து உடைந்து, தலையில் குறியோடு ஒன்றும் தனியே ஒன்றுமாக நின்றது. இது எனக்குத் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. போட் மாட்டிய பிறகு பாடசாலைப் பிள்ளைகளோடு வந்த ஒரு சிங்கள ஆசிரியை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நெற்றிப் பலகையிலேயே பிழை. தமிழ்ப் போட்களில் நாங்கள் காலங்காலமாகப் பார்த்துச் சலித்த அதே பிழையை அடுத்த மொழிக்கு நானே செய்துவிட்டேன் என்று அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்தப் பலகையை என் காசில் திரும்பச் செய்தேன். இப்போது அச்சுக்குப் போகுமுன் அந்தந்த மொழிக்காரர் இறுதி உருவத்தைக் கடதாசியில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

புள்ளிக்கு வருகிறேன். செலவைக் குறைக்க விளக்கப் பலகைகளை வெட்டிய ஸ்ரிக்கர் எழுத்தில் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டேன். இயந்திரம் எழுத்தின் ஓரத்தை வெட்டிவிடும். பிறகு எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத ஸ்ரிக்கரைக் கையால் உரித்தெடுக்க வேண்டும். 20 மில்லிமீற்றர் எழுத்தில் புள்ளியின் விட்டம் 3 மில்லிமீற்றர்கூட வராது. உரிக்கிற பெடியன் ஒரு மூலையைப் பிடித்து இழுக்க, எழுத்துகள் தாளில் நிற்கும், புள்ளிகள் கழிவோடு சேர்ந்து எழும்பிப் போகும். ஆங்கிலத்தில் இப்படிச் சின்னத் துண்டுகள் குறைவு. தமிழில் ஒரு வரிக்கே ஏழெட்டு வரும். பலகையைக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தியபோது 'பெட்டகம்' 'பெடடகம'வாகவும், 'தயவுசெய்து' 'தயவுசெயது'வாகவும் நின்றன.

எனக்கு அழுகை வந்தது. மாஸ்ரர் பலகையை நிமிர்ந்து பார்த்தார், திரும்பி ஓலைச்சுவடி அலுமாரியைப் பார்த்தார். "ஓலையிலை புள்ளி குத்தினா பொத்துப்போடும் எண்டு எங்கடை ஆக்கள் வைக்கேல்லை. உந்தப் பெடியனும் வைக்கேல்லை. மரபு பிசகேல்லைத் தம்பி." அந்தப் பகிடியை இப்போது சுவடி அலுமாரிக்குப் பக்கத்துக் குறிப்பில் கொஞ்சம் மரியாதையான தமிழில் எழுதியிருக்கிறோம். சுவடியில் புள்ளி ஏன் இல்லை என்று கேட்காத பிள்ளை இல்லை.

விளக்கப் பலகைகளை, பலகையிலேயே நேரே மை அச்சிடும் யூவி அச்சுக்கு மாற்றினோம். பெரிய பெயர்ப் போட்களில் மட்டும் ஸ்ரிக்கர் நின்றது. அங்கேயும் எழுத்துருவின் புள்ளியை நானே மூன்றில் ஒரு பங்கு பெருப்பித்தேன். அப்போதுதான் கவனித்தேன்: படலையடி, அறைவீடு, குசினி, மாவடி நாலிலும் புள்ளியே கிடையாது. முன்பே தெரிந்திருந்தால் இன்னும் சில இடங்களுக்கு அப்படிப் பெயர் தேடியிருப்பேன் என்று சொன்னேன். மாஸ்ரர் சிரிக்கவில்லை.

சுவரில் துளைபோட முடியாது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர். துளைகருவியை வைத்தால் ஆணி நிற்கிற அளவுக்குத் துளை வராது, உள்ளங்கையளவு சாந்து பெயர்ந்து விழும். சீமெந்து வைத்து அடைத்தால் சுவர் மூச்சுவிடாது, ஈரம் உள்ளே நின்று பக்கத்துச் சாந்தையும் தள்ளும். சுண்ணாம்பு வெள்ளையின் மேல் ஸ்ரிக்கர் நேரே ஒட்டாது, மாவோடு சேர்ந்து உரிந்துவரும். ஆக விறாந்தையில் உள்ள போட்கள் பனஞ்சிலாகையில் கொளுக்கி போட்டுத் தொங்குகின்றன. மற்றவை காலில் நிற்கின்றன. கால் பனைமரம், வைரமான பகுதி. சின்னத் துளை போட்டுவிட்டு ஸ்குரூ முடுக்கவேண்டும், நேரே முடுக்கினால் நார் வழியே பிளந்துபோகும். இரண்டை அப்படிப் பிளந்தேன். பலகை 3 மில்லிமீற்றர் அலுமினியக் கலப்புத் தகடு. ஸ்குரூக்களில் 304 வகை துருப்பிடிக்காத உருக்கு போட்டவை மழைக்காலம் முடிவதற்குள் தேத்தண்ணிக் கறை மாதிரிப் பழுப்பு விட்டன. கடல்காற்றுள்ள ஊருக்கு 316 வாங்கியிருக்க வேண்டும். விலை கூடத்தான்.

அடிப்பாரத்துக்கு 10 லீற்றர் பெயின்ற் வாளியில் கொங்கிறீற் ஊற்றி, நடுவில் காலை நட்டு, இறுகியதும் வாளியை வெட்டி எடுத்தோம். அதற்கு முன் வெறும் பலகைக் கட்டையில் நிறுத்திப் பார்த்த இரண்டு போட், சோளகக் காற்று எழும்பிய முதல் நாளே முற்றத்தில் குப்புறக் கிடந்தன. வளவுக்குள் சும்மா கிடந்த ஒரு ஆட்டுக்கல்லைப் பாரத்துக்கு வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு வங்கி ஐயா பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அது காட்சிப்பொருள் இலக்கம் உள்ள ஆட்டுக்கல்.

முற்றத்துப் போட்டை மத்தியானத்தில் வாசிக்க முடியவில்லை. பளபளப்பான மேற்பூச்சு வெயிலைத் திருப்பி அடித்தது. கடையில் அதைத்தான் நல்லது என்று சொல்லிப் போட்டிருந்தார்கள், நானும் கேட்கவில்லை. மங்கலான பூச்சுக்கு மாற்றி, பலகையைக் கொஞ்சம் முன்னுக்குச் சரித்தோம்.

கடைசியாக, அந்தக் குறிக்குள் இருக்கும் புள்ளி. எல்லாப் போட்டுக்கும் ஒரே வரைபடத்தை அச்சடித்தால் மலிவு என்பதால் சதுரங்களை மட்டும் அச்சிட்டு, நிற்கும் இடத்துப் புள்ளியை வட்ட ஸ்ரிக்கராகக் கையால் ஒட்டினோம். போட் மாட்டி முடித்த அன்று, அக்காவிடம் ஒரு கடித உறைக்குள் எழுத்துக்குச் சில சின்னப் புள்ளியும் குறிக்குச் சில பெரிய புள்ளியும் ஒரு முள்ளுக்கிள்ளியும் கொடுத்தேன். விழுந்தால் ஒட்டிவிடுங்கோ என்று.

மாரி தொடங்கி ஒரு மாதம் போயிருக்கும். ரெலிபோன் வந்தது.

"தம்பி, புள்ளி முடிஞ்சு போச்சு. கிணத்தடியிலை ரெண்டு தரம் விழுந்திட்டுது. கொம்பறையிலை ஒண்டு. மாவடியிலை நிக்கிற இடத்துப் புள்ளியும் போட்டுது."

"நாளைக்குக் கொண்டு வாறன் அக்கா. அதுவரைக்கும் விடுங்கோ."

"இல்லை, சனம் வருகுது. என்ரை பொட்டு ஒண்டை எடுத்து ஒட்டிவிட்டன்."

அடுத்த நாள் புதுப் புள்ளிகளோடு போனேன். மாவடிப் போட்டில் அரக்கு நிற ஒட்டுப்பொட்டு, எங்கள் புள்ளியைவிடக் கொஞ்சம் பெரிது, இடம் சரி. நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அசையவில்லை. எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.